பெயர்

சவப்பெட்டியை மூடப்போனவர்களைத் தொபியாஸ் கைகாட்டி நிறுத்தினார். உள்ளே அவர் மனைவி பிலோமி. அவர் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அவர் ஊர் திரும்புமுன்பே இறந்துபோனது. பிறகு பிள்ளை இல்லை. அந்தக் குழந்தையைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

"அழாதீங்க அத்தான், அக்கா இந்நேரம் மோட்சத்துல பிள்ளையத் தூக்கி வச்சிருப்பா" என்றாள் மைத்துனி.

அவரும் அதைத்தான் நம்பினார். நம்பியதால்தான் பயமாக இருந்தது. அந்தப் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்ததே இல்லையே.

குனிந்து மனைவியின் காதோரம் சொன்னார்: "நான் வர்றப்ப அது யாரோன்னு ஒதுங்கிரப் போவுது, பிலோமி. 'உங்கப்பாவுக்குப் புருவத்துல தழும்பு இருக்கும்'னு அதுகிட்ட சொல்லி வை. ரெண்டு பேரும் வாசல்லயே நில்லுங்க."

பெட்டியைக் குழியில் இறக்கி ஆளுக்கொரு பிடி மண் போட்டதும் எல்லோரும் கலைந்தார்கள். கல்லறைத் தோட்டத்தின் கதவுவரை வந்தவருக்குச் சட்டென்று உறைத்தது. சாகக் கிடந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரும் வைத்தார்களாம். என்ன பெயர் என்று பிலோமியிடம் அவர் கேட்டதே இல்லை.

வேகமாகத் திரும்பி நடந்தார். குழி வெட்டியவர்கள் அதை ஏறக்குறைய மூடியிருந்தார்கள்.