நாலடி வாசல்

"இன்னா டிரைவரே, கோயில் யானையைக் கொண்டாந்து கட்டப் போறியா? வாசலை நாலடி அகலத்துக்கு வுட்டிருக்க?"

கொத்தனார் முனுசாமி சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கலியாணசுந்தரம் கலவையை அள்ளிச் சுவரில் அப்பினார். முப்பத்துநாலு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். செவிலிமேட்டில் வாங்கிப் போட்ட ஒன்றரை சென்ட்டில், ஆள் வைக்காமல் தானே வீடு கட்டிக்கொண்டிருந்தார். வீடு என்றால் ஒரே ஒரு ஹால்.

"பஸ் ஓட்டினவன் கட்டின சுவருன்னு நல்லா தெரியுதுபா. மூலையில வளைச்சுத் திருப்பிக்கினு போவுது."

"நிக்குதில்ல?"

"நிக்குது. அத்த வுடு. ப்ளக் பாயின்ட்டை ஏன் தரையோட தரையா வச்சிருக்க?"

"ஏசிக்கு."

"ஏசிக்கு மேலதான வைப்பாங்க?"

"என் ஏசி கீழதான் இருக்கும்."

நாலு கல் வைத்ததும் கலியாணசுந்தரத்துக்கு மூச்சு வாங்கியது. மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு கல்லு வைக்கிறதுக்கு நாப்பது நிமிஷம் ரெஸ்ட்டு. என்கிட்ட நீ சித்தாளா வந்திருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேன்" என்றார் முனுசாமி. "கூரை ஷீட்டு எப்போ போடற?"

"நாளன்னிக்கு. மார்கழிக்குள்ள எல்லாம் முடியணும்."

"மார்கழியில எவன்பா குடி போவான்? தை பொறக்கட்டும், மெதுவா முடி."

"குடி போவ அவசரம் இல்ல. முடிக்கத்தான் அவசரம்."

முனுசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டிபன் கேரியரோடு கலியாணசுந்தரத்தின் மனைவி காவேரி வந்துவிட்டாள். பிள்ளையார்பாளையத்து வாடகை வீட்டிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். சுவர் எழும்பிய பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறாள். வாசல் வழியாக உள்ளே போனவள், ஹாலைச் சுற்றிவந்து நடுவில் நின்றாள்.

"சமையக்கட்டு எங்க?"

"அப்புறம்."

"பாத்ரூமு?"

"அதுவும் அப்புறம்தான்."

அவள் கேரியரைக் கீழே வைத்தாள்.

"முப்பத்தோரு வருஷம். ஒம்பது வீடு. ஆணி அடிக்கக் கூடாது, பத்து மணிக்கு மேல கேட்டு தொறக்கக் கூடாது, சொந்தக்காரங்க ரெண்டு நாளைக்கு மேல தங்கக் கூடாது. எத்தினி கூடாது. நான் இன்னா அரமனையா கேட்டேன்? குனியாம சமைக்க என் உயரத்துக்கு ஒரு மேடை. வேற எதனா கேட்டனா உங்களை?"

"கேக்கல."

"மஸ்கட்டுல இருந்து கலைவாணி வந்தா எங்க வச்சு சமைச்சுப் போடறது?"

"அவ வர்ற அன்னிக்கு அடுப்பு பத்த வைக்க வேணாம்."

"ஏன், ஓட்டல்ல வாங்கிப் போடுவீங்களா?"

அவர் கரண்டியில் ஒட்டியிருந்த சிமென்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முனுசாமி சைக்கிள் பெல்லைத் துடைப்பதுபோல் பாவனை செய்தார்.

காலையில் கட்டிக்கொடுத்த இட்லி டப்பா ஓரமாகக் கிடந்தது. காவேரி திறந்து பார்த்தாள். அப்படியே இருந்தது.

"இதுகூட இறங்கல. வீம்பு. யார் பேச்சும் கேக்காத வீம்பு. பாருங்கண்ணா, இது வீடா? பஸ் ஸ்டாண்டு வெயிட்டிங் ஹாலு. உக்காந்துட்டு எழுந்து போறதுக்கு." குரல் உடைந்தது. "எனக்கு இந்த வீடு வேணாம். நீங்களே இருந்துக்கங்க."

கேரியரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். அவள் பஸ் ஏறும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி சொல்றது நியாயம்தான்பா" என்றார் முனுசாமி. "பொம்பளைக்கு அடுப்பங்கரை இல்லாம வீடு கட்றவனை நான் பார்த்ததே இல்ல."

"முனுசாமி, மாசி பொறந்ததும் நீ வந்து பின்பக்கம் சமையக்கட்டும் பாத்ரூமும் கட்டிக் குடு. கல்லு, சிமென்ட்டு எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். மேடை ரெண்டே காலடி உயரம். அதுக்கு மேல போவக் கூடாது. அவ குள்ளம்."

"தையிலயே வரேனே. சும்மாதான இருக்கேன்."

"மாசியில போதும்."

"அப்படி வா வழிக்கு. உனக்குக் கொத்து வேலை வராதுன்னு ஒத்துக்கினியா?"

"ஒத்துக்கினேன்."

ஜெயித்த சந்தோஷத்தில் முனுசாமி சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

கலியாணசுந்தரம் டேப்பை எடுத்து வாசலை இன்னொரு தடவை அளந்தார். சட்டைப் பையிலிருந்த சீட்டைப் பார்த்து போன் போட்டார்.

"பெட்டி விசாரிச்சேனே, செவிலிமேட்டுல இருந்து பேசறேன்."

"சொல்லுங்கய்யா" என்றது ஒரு குரல். "ஃப்ரீஸர் பாக்ஸு. ஏழடி நீளம், ரெண்டே முக்கால் அகலம். வாசல்ல நுழையுமா?"

"நாலடி வுட்டிருக்கேன். முன்னாலயும் பின்னாலயும் ஆளு பிடிச்சுக்கினு நேரா வரலாம். ப்ளக்கும் கீழயே இருக்குது."

"சொந்த வீடுதான? வாடகை வீடுன்னா ஓனருங்க பாடியை உள்ள வுட மாட்டேன்றாங்க."

"தெரியும். பக்கத்து போர்ஷன் நமச்சிவாயத்தைப் பகல் பூரா தெருமுனையில வேன்லயே வச்சிருந்தோம். அவன் பொண்டாட்டி ஓனர் கால்ல வுழுந்தா. இது சொந்த வீடு."

"எத்தினி நாளைக்கு?"

"ரெண்டு நாளு. பொண்ணு மஸ்கட்டுல இருந்து வரணும்."

"என்னிக்கு அனுப்பறது?"

"டாக்டரு தை தாண்டாதுன்னுட்டாரு. போன் வரும்."

"சரிங்கய்யா, எழுதிக்கிறேன். பேரு?"

"கலியாணசுந்தரம்."

"அது உங்க பேரா, பாடியோட பேரா?"

"ரெண்டும் ஒண்ணுதான்பா."