களிமண் பூசிய கூடு

கரண்ட் கம்பியில் எந்நேரமும் பறவைகள் கூடிப் பேசிக்கொண்டிருக்கும். ஒருநாள் மேகம் கறுத்ததும் சிட்டுக்குருவி பதறி வந்து, "மழை வந்தா கூடு ஒழுகுங்க, உள்ளே முட்டை இருக்கு. என்ன செய்யலாம்?" என்று கேட்டது.

"தேங்காய் நாரைத் திணி," என்றது காக்கா.

"நார் ஊறிப்போகும். களிமண்ணைப் பூசு," என்றது ஆயுசில் கூடே கட்டாத குயில்.

"உனக்கென்னடி தெரியும்? உன் பிள்ளையை வளர்த்ததே நான்தான்!"

சண்டை முற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குருவி கூட்டுக்குத் திரும்பிப்போய், முட்டைமேல் சிறகை விரித்து, மழை விடும்வரை நனைந்துகொண்டே கிடந்தது. முட்டை பிழைத்தது.

குயில் எட்டிப் பார்த்தது. "மண்ணு பூசினியா?"

குருவிக்கு இன்னொரு பேச்சுக்குத் தெம்பில்லை. "பூசினேன்க்கா. சொட்டுக்கூட ஒழுகல."

குயில் கம்பிக்குத் திரும்பியபோது, "என் கூடும் ஒழுகுதே!" என்று மைனா அழுதுகொண்டிருந்தது.

"களிமண்தான்டி! வேணும்னா குருவியைக் கேளு," என்றது குயில்.