காக்காவின் பதிவு எண்

மாநகராட்சியின் கூட்டுத் தோட்ட விதிகளை அன்று காலை மறுபடியும் புதுப்பித்துவிட்டார்கள். ஒரு கீரைக்கட்டைக்கூடத் தாமாக ஆய்ந்து பழகாத ஆட்கள் கூடி எழுதிய விதிகள். அமலோற்பவம் தன் பாத்தியில் குனிந்ததும் கேமராவும் ஒலிபெருக்கியும் பொருத்திய வேலியோரக் கண்காணிப்புக் கம்பம் குழைந்து குழைந்து பேசியது.

"வணக்கம். புதிய விதிப்படி, விதைத்தவர் பெயர் இல்லாத செடி, களையாகக் கருதப்படும். இந்த மணத்தக்காளியை விதைத்தவர் யார்?"

"காக்கா எச்சத்துல மொளைச்சது. அதுக்கென்ன இப்போ?"

"காக்கா என்பவரின் பதிவு எண்ணைச் சொல்லுங்கள்."

அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை. தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சுக் கரண்டு வைத்ததிலிருந்து அவள் கணவர் செபஸ்தியானுக்கு வாயெல்லாம் புண். தேங்காய்ப்பால் விட்ட இந்தக் கீரைச்சாறு ஒன்றுதான் அவருக்கு உள்ளே இறங்கியது.

வேப்பமர நிழலில் தோட்ட அதிகாரி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.

"தம்பி, நீயாவது அதுகிட்ட எடுத்துச் சொல்லேன்."

"கம்பம் பேசும்போது நாங்க வாயே தொறக்கக்கூடாதும்மா."

அதற்குள் களையெடுக்கும் வண்டி உருண்டு வந்து செடியை வேரோடு பிடுங்கி அரைத்துவிட்டுப் போனது. அமலோற்பவம் அவன் டப்பாவைப் பார்த்தாள். மணத்தக்காளி வத்தக்குழம்பு.

"அப்போ இது என்னப்பா?"

"இது பாக்கெட்ல வந்ததும்மா. யாரு வெதைச்சதுன்னு அதுலயே போட்டிருக்கும்" என்று சொல்லி, சோற்றைப் பிசைந்து உருட்டினான்.

"நல்லா சாப்பிடு. உனக்கெல்லாம் வாய்ப்புண்ணே வராது. அதுக்கு மொதல்ல வாய்னு ஒண்ணு இருக்கணும்."