கிள்ளானில் கைகள் உயர்ந்தபோது

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மலேசியாவின் கிள்ளானில் ஒற்றுமை பிறந்துவிட்டது. பிறந்த இடம் ஒரு கல்யாண மண்டபம்; வேளை, பிரியாணிக்குப் பிறகு.

பெற்றெடுத்தவர் பாடகி மலர்விழி. சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு சங்கங்களுக்கும் பொதுவான விருந்தில், "கைகோத்து வாங்க, ஒண்ணாகி நிப்போம்" என்ற தன் நாட்டுப்புறப் பாடலை ஆண்டுதோறும் பாடுவார். கூட்டமும் ஆண்டுதோறும் கை கழுவிவிட்டுக் கார் சாவியைத் தேடும்.

"இந்தத் தடவையும் எந்திரிச்சுப் போனாங்கன்னா, இனிமே மைக்கையே தொட மாட்டேன் லா," என்று விருந்துக் குழுச் செயலாளர் விமலனிடம் முன்பே சொல்லியிருந்தார்.

"நீங்க பாடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

இம்முறை ஒருவரும் நகரவில்லை! இரு சங்கத்தாரும் மேடைக்கு முன்னால் முண்டியடித்து, தோளோடு தோள் நின்று, தொண்டை கிழியப் பாடினார்கள். கடைசி அடியில் அத்தனை கைகளும் உயர்ந்தன. கண்ணைக் கூசவைத்த மேடை விளக்கில் மலர்விழிக்கு அந்தக் கைகள் மட்டுமே தெரிந்தன. அழுதேவிட்டார்.

"பாத்தியா தம்பி, என் பாட்டு ஜெயிச்சிருச்சு!"

"பின்னே? பாடாதவங்க லக்கி டிரா டிக்கெட் செல்லாது, பாட்டு முடியறப்போ டிக்கெட்டைத் தூக்கிக் காட்டணும்னு சாப்பிடறப்பவே சொல்லிட்டேனே!"

முதல் பரிசான ஃபிரிட்ஜ் இராஜம்மாவுக்கு விழுந்தது. அடுத்த நிமிடமே மண்டபம் காலி.

"அண்ணே, யாராச்சும் ஒரு கை புடிங்கண்ணே!" என்று கார்களின் பின்னால் கத்திக்கொண்டே ஓடினார் இராஜம்மா.

ஃபிரிட்ஜ் இன்னும் மண்டபத்திலேயே இருக்கிறது.