தலைக்கு எவ்வளவு

ஒரே சுவரின் இரண்டு பக்கமும் எறும்புப் புற்று. வருஷா வருஷம் சேர்ந்த நொய்யைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, யார் மேலே என்று பார்ப்பார்கள். எப்போதும் மேற்குதான் மேலே. கிழக்கில் பாதிப் பேர் பசி தாங்காமல் மேற்குக்கே பிழைக்கப் போனார்கள். அங்கே நொய் சுமக்கும் எறும்பு குருணியின் தங்கை சிமிழியும் போனாள்.

இந்த வருஷம் கிழக்கு முந்திவிட்டது. தலைவர் கட்டெறும்புக்குத் தரையில் கால் பாவவில்லை.

"நொய் கூடலையே தலைவரே, ஆளுதானே குறைஞ்சிருக்கு?" என்றாள் குருணி.

"நல்ல நாளும் அதுவுமா வாயை மூடு. இனிமே வெளியாள் ஒருத்தரையும் உள்ளே விடக்கூடாது. கணக்கு இறங்கிடும்."

அன்று சாயங்காலமே சிமிழி கால் ஒடிந்து வாசலில் வந்து நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. காவல்காரர் வழியை மறித்தார்.

"என் தங்கச்சிண்ணே" என்று குருணி கெஞ்சினாள்.

"நான் என்னம்மா பண்ண? என் தம்பியையே மத்தியானம் திருப்பி அனுப்பிட்டேன். நடந்து உள்ளே வந்தா ஒரு தலை கூடிடும்."

குருணி வெளியே போனாள். தங்கையை வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு, நொய் சுமக்கிறவர்கள் வரிசையில் வந்து நின்றாள்.

காவல்காரர் பார்த்தார்.

"சுமைதானே? சுமையைத் தடுக்கச் சொல்லி உத்தரவு இல்லை. போ, போ."

குருணி அவரைத் தாண்டும்போது குனிந்து மெதுவாகக் கேட்டார்: "என் தம்பி கொஞ்சம் கனமா இருப்பான். உன்னால தூக்க முடியுமாம்மா?"