காலம் கடித்த அட்டை

புதிதாகச் செய்த பொருள் புதிதாக இருக்கிறதே என்று யாராவது குறை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தோல் பட்டறைக்காரி மூன்று முறை கேட்டுவிட்டாள்.

நூலகத்துக்கு நூறாவது வருடம். விழாவுக்கு வரும் இருநூறு பேருக்கும் ஆளுக்கொரு தோல் நோட்டுப் புத்தகம். கையால் தைத்தது. முதுகில் வரிசை எண், பின்னட்டையில் சீட்டு செருக ஒரு சின்னப் பை. பார்த்தால் அந்தக் காலத்து நூலகப் புத்தகம் மாதிரியே இருக்க வேண்டும்.

மாதிரி பிடித்துப்போனால் ஆர்டர் அவளுக்கு. அறுந்த பை வார் தைத்தே நாளை ஓட்டும் பட்டறைக்கு அது ஒரு வருடத்துச் சோறு.

முதல் மாதிரியை நூலக இயக்குநர் முகர்ந்து பார்த்தார்.

“புதுச் செருப்பு வாசனை வருதேம்மா. பாரம்பரியம் எங்கே?”

அவள் ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொண்டுபோனாள்.

“இது நாய் கடிச்ச மாதிரி இருக்கு. காலம் கடிச்ச மாதிரி இருக்கணும்.”

மூன்றாவதை டீ டிகாஷனில் ஊறவைத்தாள்.

“டீ வாசனை வருது.”

“அது உங்க கையில இருக்கற டீயா இருக்கும் சார்.”

“எனக்கு மூக்கு இருக்கும்மா. நாளைக்குப் பத்து மணி. அதுதான் கடைசி. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

கூட வேலை பார்க்கும் நாத்தனார் கொதித்துப்போனாள்.

“அண்ணி, பேசாம என் கல்யாணச் செருப்பைக் கிழிச்சு ஒட்டிக் குடுத்துடுங்க. அதுல நாலு வருஷப் பாரம்பரியம் இருக்கு. அந்த மனுஷனுக்கு அது போதும்.”

“வாயை மூடுடி. பழசு மேல அவருக்கு அவ்வளவு அக்கறை. நம்ம கைக்குத்தான் வரல.”

மறுநாள் பத்து மணிக்கு நாலாவதை மேஜைமேல் வைத்தாள்.

இயக்குநர் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். ஓரத்தைத் தடவினார். முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“இதும்மா! இதைத்தானே நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்! விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன இந்த மூலையைப் பாரு. இதையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டணும். எப்படிம்மா செஞ்சே?”

“நான் எங்கே சார் செஞ்சேன்? உள்ளே வெள்ளைத் தாள் மட்டும்தான் நான் தைச்சது. அட்டை உங்களோடது.”

“எங்களோடதா?”

“விழாவுக்கு இடம் வேணும்னு, பழைய பதிவேட்டையெல்லாம் பின்வாசல்ல கொட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்களாமே. காவலாளி சொன்னாரு. நேத்து போறப்ப பார்த்தேன். கழண்டு கிடந்த ஒரு அட்டையை அவர்கிட்ட கேட்டு எடுத்துட்டுப் போனேன்.”

இயக்குநருக்கு நோட்டைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் தெரியவில்லை.

“ஆர்டர் கிடக்கட்டும் சார், அப்புறம் பேசிக்கலாம். கீழே எல்லாத்தையும் குப்பை வண்டியில ஏத்திக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் ஜன்னல்ல எட்டிப் பார்த்து, வண்டியை நிறுத்தச் சொல்லுங்களேன்.”