குளத்துச் சேர்

“தங்கச்சி, பின்னேரம் நாலு மணிக்குக் குளத்தின்ர வான்கதவைத் திறந்திடுவினம். ஆக்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்துங்கோ. மாடுகளை அவிட்டு விடுங்கோ.”

“சேர், இங்க நல்ல வெய்யில் எறிக்குது...”

அதற்குள் அழைப்புத் துண்டிக்கப்பட்டுவிட்டது.

சுரேகா கைபேசியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊரின் அனர்த்தக் குழுவுக்கு அவள்தான் செயலாளர். நான்கு மாரியாக இந்தக் குரல் அவளை அழைக்கிறது. பெயர் கேட்டால் சொல்லாது. குளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும், வைத்துவிடும். நீர்ப்பாசனக் கந்தோரில் யாரோ பெரிய ஆள் என்று நினைத்து ‘குளத்துச் சேர்’ என்று இலக்கத்தைப் பதிந்து வைத்திருந்தாள்.

கிராம அலுவலரை அழைத்தாள்.

“எனக்கு ஒரு அறிவித்தலும் வரேல்லையே, சுரேகா. ஆர் சொன்னது?”

“குளத்துச் சேர்.”

“அது ஆர்?”

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

இதுவரை அவர் சொன்னது ஒன்றும் பிசகியதில்லை. ஆனால் அப்போதெல்லாம் ஊரிலும் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் நாற்பது குடும்பங்களைக் கிளப்பி, தண்ணீர் வராமல் போனால்? அடுத்த முறை கூப்பிட்டால் யார் வருவார்கள்?

வானத்தை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்குப் போய் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

முதலில் ஓடி வந்தவர் கடைக்கார லாபிர்.

“இண்டைக்குத்தான் பதினஞ்சு மூடை மா இறக்கினனான், தங்கச்சி. நிச்சயமாத் தண்ணி வருமோ?”

“தெரியாது, லாபிர் நானா. மூடையளை மேசையில ஏத்திப்போட்டு வாங்கோ.”

“தெரியாமலோ கூப்பிடுறியள்?”

அவள் மறுபடி ஒலிபெருக்கியில் அறிவிக்கத் தொடங்கினாள். லாபிர் தலையைச் சொறிந்துகொண்டு மூடைகளைத் தூக்கப் போனார்.

இரண்டு தரம் ஒத்திகை பார்த்த ஊர் என்பதால் சனங்கள் தடுமாறவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை, அடையாள அட்டையும் காணி உறுதியும் மருந்தும் இருந்தபடியே எடுத்துக்கொண்டார்கள். விதைநெல்லைப் பரணில் ஏற்றினார்கள். மூன்றரை மணிக்கு எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வெயில் அப்போதும் எறித்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் வீட்டுக்குத் திரும்பப் போகிறேன் என்று செருப்பைக்கூடப் போட்டுவிட்டார்.

நாலேகாலுக்கு வயல் பக்கமிருந்து ஓர் இரைச்சல் கேட்டது.

கிராம அலுவலருக்கு அறிவித்தல் வந்து சேர்ந்தபோது லாபிரின் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு ஆடுகள் போயின. மனிதர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான்கு நாளில் தண்ணீர் வடிந்தது. சுரேகா குளத்துச் சேருக்கென்று ஒரு மண்முட்டித் தயிரோடு பஸ் ஏறிக் கந்தோருக்குப் போனாள். அங்கே தேனுகா என்ற பொறியியலாளர் அவள் காட்டிய இலக்கத்தை ஊழியர் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள்.

“இது எங்கட ஆக்களின்ர நம்பர் இல்லை, அக்கா.”

“இல்லை மிஸ், நாலு வருசமா எடுக்கிறார். கதவு திறக்கிறதைச் சரியாச் சொல்லுறார்.”

“அண்டைக்கு எத்தினை மணிக்கு எடுத்தவர்?”

“ஒண்டரைக்கு.”

தேனுகா பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கதவு திறக்கிறதெண்டு நாங்களே மூண்டு மணிக்குத்தானே முடிவெடுத்தனாங்கள்?”

தேனுகா மேசையிலிருந்த மழைப் பதிவேட்டைப் புரட்டினாள்.

“மேல காட்டுக்குள்ள பெய்த மழை எங்களுக்கே பிந்தித்தான் தெரிஞ்சது” என்றாள் தேனுகா மெதுவாக. “தண்ணி ஏறுற வேகத்தைக் கிட்ட நிண்டு பார்த்துப் பழகின ஆளெண்டால் கணிக்கலாம். அணைக்கட்டடியில ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கு. அங்க விசாரிச்சுப் பாருங்கோ.”

தேத்தண்ணிக் கடையில் ஒருவரையும் காணவில்லை. சுரேகா குளத்துச் சேரின் இலக்கத்தை அழுத்தினாள். கடைக்குள்ளேயே மணி அடித்தது.

சாரம் கட்டிய, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கைபேசியோடு வெளியே வந்தார். அவளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“சுரேகா தங்கச்சியோ?”

அதே குரல். அவள் சிரித்தபடி தயிர் முட்டியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“நீங்கள் கந்தோர் ஆள் இல்லையோ, ஐயா?”

“முந்தி இருந்தனான். கதவு திறக்கிற வேலை.”

“பென்சன் எடுத்திட்டியளோ?”

“இல்லை. வேலையால நிப்பாட்டிப் போட்டினம்.”

“என்ர நம்பர் எப்பிடிக் கிடைச்சது?”

“உங்கட வாசிகசாலைப் பலகையில இருந்தது. வந்து எழுதிக்கொண்டு போனனான்.”

“இவ்வளவு தூரம் வந்திட்டு, என்னோட ஒரு கதை கதைக்காமலோ போனனீங்கள்? பேரைக்கூட இவ்வளவு நாளும் சொல்லேல்லையே!”

அவர் குளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பேரைச் சொன்னா நீங்கள் போனை வைச்சிருப்பியள், தங்கச்சி. பிறகு நான் சொல்லுறதை ஆர் கேக்கிறது?”

“எங்கட ஊரையே காப்பாத்தின ஆளின்ர போனை நான் ஏன் வைக்கிறன்? சொல்லுங்கோ ஐயா.”

“அப்புத்துரை.”

சுரேகா அந்தப் பெயரை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தாள்: ஐந்து வருடங்களுக்கு முன், ஊருக்கு அறிவிக்காமல் வான்கதவைத் திறந்துவிட்டது யார் என்று, அந்த வெள்ளத்தில் போன அவளுடைய கணவனின் மரண விசாரணையில் வாசித்தபோது.